சிலிண்டரில் அடங்காத வாயு

"ஆஸ்திரேலியா ஊருக்கெல்லாம் எரிவாயு விற்கிறது. அப்புறம் ஏன் 'உள்ளூருக்கும் ஒரு பங்கு கொடு' என்று ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அரசு விதி போடுகிறது?" ஒரு வாசகரின் கேள்வி. பாதி பதில் இயற்பியலில் இருக்கிறது.

சமையல் சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்பும். புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தினாலே திரவமாகிவிடும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், அது மசியாது. மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் வாயுதான். ஃபாரடே திரவமாக்க முயன்று தோற்ற ஆறு வாயுக்களில் இதுவும் ஒன்று. இப்படியொரு எல்லை உண்டு என்பதை 1869-இல் பெல்ஃபாஸ்ட்டில் வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ், கார்பன் டை ஆக்சைடை வைத்துக் காட்டினார். ("இதனால் என்ன லாபம்?" என்று கேட்கும் இன்றைய நிதிக் குழுக்களிடம் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.)

சரி, அவ்வளவு குளிருக்கு எங்கே போவது? மண்பானைத் தந்திரம்தான்: ஆவியாகும் திரவம் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். கிழக்கு ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கர்ட்டிஸ் தீவில் உள்ள மூன்று வாயு திரவமாக்கும் ஆலைகளிலும் இது அடுக்கடுக்காக நடக்கிறது. அழுத்தித் திரவமாக்கிய புரொப்பேனைக் கொதிக்கவிட்டால் மைனஸ் 40 வாக்கில் குளிர் கிடைக்கும். அந்தக் குளிரில் எத்திலீன் திரவமாகும். அதைக் கொதிக்கவிட்டால் மைனஸ் 100 பக்கம் வந்துவிடலாம். மீத்தேனின் பிடிவாதம் அங்கே உடைகிறது! இப்போது அழுத்தினால் அதுவும் திரவம். பிறகு அழுத்தத்தைத் தளர்த்தினால், ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தை மைனஸ் 162-க்கு இறக்கிவிடும். கூட்டாளிகளின் தோளேறிக் கண்ணன் உறியை எட்டிய கதைதான், தலைகீழாக.

கன அளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும், கப்பலில் ஏற்றலாம். அதுவரை கிழக்கு ஆஸ்திரேலிய வாயு, குழாய் போன தூரத்துக்குள்தான் விலைபோனது. 2014 இறுதியில் கர்ட்டிஸ் தீவில் முதல் கப்பல் நிரம்பத் தொடங்கியது. அதன் பிறகு ஆசியச் சந்தை கொடுக்கும் விலையே சிட்னியின் விலைக்கும் அளவுகோலாயிற்று.

மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2006-லேயே முந்திக்கொண்டது: ஏற்றுமதித் திட்டங்கள் தங்கள் உற்பத்தியில் 15 சதவீதத்துக்கு ஈடான வாயுவை உள்ளூருக்கு ஒதுக்க வேண்டும். கிழக்கில் அப்படி எதுவும் இல்லாமலே ஆலைகள் எழுந்தன, நீண்டகால ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. தட்டுப்பாடு வந்தால் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசு 2017-இல்தான் எடுத்துக்கொண்டது. ஆலை எழும் முன் போடும் நிபந்தனை முதலீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். பின்னால் போட்டால் வழக்கும் வம்பும்தான் என்பது என் கட்சி.

மேற்கின் வாயுவைக் கிழக்குக்குக் கொண்டுவரக் குழாயும் இல்லை. அதனால் சிட்னிக்குத் தெற்கே போர்ட் கெம்ப்லாவில் ஓர் இறக்குமதி முனையம் கட்டியிருக்கிறார்கள்: பாடுபட்டுக் குளிரவைத்ததைக் கப்பலில் வரவழைத்து, மறுபடி சூடாக்கிக் குழாயில் விட.