பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தால் பிரேக்கும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது?

கடந்த வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், மலையடிவாரத்தில் உள்ள எனது பட்டறைக்கு வந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டிய பிறகு பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட, ஓட்டியவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கக் கால்வாயில் சக்கரத்தை இறக்கி வண்டியை நிறுத்தியிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் பெடல் பழைய நிலைக்கு வந்ததும் மீண்டும் ஓட்டி வந்திருக்கிறார். "ஆயில் மேல் கோடு வரைக்கும் இருக்கிறது, பிரேக்கும் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, சும்மா ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடையில் இப்படி வந்த நான்காவது வண்டி இது.

பிரேக் தானாகக் கெட்டுத் தானாகச் சரியாவதில்லை. பெடலில் நாம் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். நம் கார்களில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடியைத் திறக்காமலே இருந்தாலும் ரப்பர் குழாய்களின் வழியாக ஈரம் சிறிது சிறிதாக உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. இறக்கத்தில் பெடல்மேல் வைத்த காலை எடுக்காமல் வரும்போது சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கின் சூடு, அதை உரசிப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டை அழுத்தும் காலிப்பருக்கு ஏறி, அங்குள்ள ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே உங்கள் காலின் அழுத்தம் முழுவதும் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் ஏறிவிடும், ஆனால் உள்ளே சேர்ந்த நீர் எங்கும் போய்விடவில்லை. அடுத்த இறக்கத்தில் இதே கதைதான்.

ஆயில் அளவு என்பது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டாது. அளவு குறைந்தால் மேலே ஊற்றி நிரப்பிவிடுவதும் வைத்தியமல்ல: பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிய வேண்டும், இரண்டையும் பார்க்காமல் நிரப்பாதீர்கள். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும். பட்டறை நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போன வருடம் திறந்து பாதி மீந்த டப்பாவை எடுத்து ஊற்றாதீர்கள், அதுவும் ஈரம் குடித்த ஆயில்தான்.

மற்ற அறிகுறிகளையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இல்லாத நிலையில், மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். கல்லைப்போல் இறுகினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரையும் அதன் வேக்குவம் குழாயையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு காலிப்பர் இறுகியிருக்கக்கூடும். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்ட பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மலை ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டால் ஓரிரு மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவியும் போய்விடும். பெடல் இறங்கிவிட்டால் வேகவேகமாக மிதித்துக்கொண்டே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை அதன் பொத்தானை விடாமல் அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுங்கள். நிறுத்திய பின் கொதிக்கும் டிஸ்க்கில் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். பெடல் திரும்ப ஏறினாலும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் மீதி மலையை இறங்காதீர்கள்.

அந்தக் காரின் காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளைத் திறந்ததும் கடுங்காப்பி நிறத்தில் ஆயில் வந்தது. 2017இல் வாங்கிய வண்டி, ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. நான்கு சக்கரங்களிலும் தெளிந்த ஆயில் வரும்வரை பழையதை வெளியேற்றினேன். சூட்டில் கருகியிருந்த முன்பக்கப் பேட்டுகள் மறுநாள்தான் கிடைக்கும் என்பதால் வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டு, அவர்களைப் பேருந்தில் ஊருக்கு அனுப்பிவைத்தேன்.