கொசுவை யார் உற்பத்தி செய்கிறார்கள்?

மழைக்காலம் தொடங்கியதும் தெருமுனைகளில் வைக்கப்படும் டெங்கு விழிப்புணர்வுத் தட்டிகளில் ‘கொசு உற்பத்தியாகும் இடங்களை அழிப்போம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த ஒரு வாசகர், துணியும் சிமென்டும் ஆலையில் உற்பத்தியாவது சரி, கொசுவுக்கும் அதே சொல்லா என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்விதான். ஏனெனில் சொல்லின் பழைய பொருளோடு ஒட்டி நிற்பது கொசுதான். சிமென்டு பின்னால் வந்து சேர்ந்தது.

உற்பத்தி வடசொல். மேல்நோக்கி என்ற பொருள் தரும் ‘உத்’ என்ற முன்னொட்டும், செல்லுதல், விழுதல் என்ற பொருளுடைய ‘பத்’ என்ற வேரும், ‘தி’ என்ற விகுதியும் சேர்ந்து ‘உத்பத்தி’ ஆயிற்று. மேலெழுதல், அதாவது தோன்றுதல், பிறத்தல் என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்துதான் ஆபத்து, விபத்து, சம்பத்து ஆகியவையும் வந்தன. முன்னொட்டு மாறியதால் ஒன்று செல்வமாகவும் மற்றொன்று சாலையோரத்து அவலமாகவும் போயிற்று. இவ்வளவும் அகராதியைப் புரட்டினால் கிடைக்கும். என்னை ஈர்ப்பது வேறொன்று: ‘உத்பத்தி’ தமிழுக்கு வந்தபோது த் ஏன் ற் ஆனது?

க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களுக்குப் பின் அதே எழுத்துதான் வர வேண்டும் என்பது பள்ளியில் படித்த மெய்ம்மயக்க விதி. பக்கம், பச்சை, பத்து, பாப்பா என்று சொல்லலாம். த் என்ற மெய்க்குப் பின் ப வருவதற்குத் தமிழில் இடமில்லை. ஆனால் ட், ற், ல், ள் ஆகிய நான்குக்குப் பின் க, ச, ப வரலாம் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு வழிவிடுகிறது. கேட்க, கற்பு, நிற்க ஆகிய சொற்களெல்லாம் அந்த வழியில் அமைந்தவை. ஆகவே ‘உத்ப’ என்ற ஒலியைக் கேட்ட தமிழ்க் காது, த் என்பதற்கு மிக அருகில் பிறக்கும், அதே சமயம் ப என்பதற்கு முன் நிற்க உரிமையுள்ள ஒலி எது என்று தேட வேண்டியிருந்தது.

இங்கே ‘ற் என்பது ர் போன்ற ஒலியாயிற்றே, அது எப்படித் த் என்பதற்கு அருகில் வரும்’ என்ற ஐயம் எழும். இன்று நம்மில் பலர் உற்பத்தியை ‘உர்பத்தி’ என்றே சொல்வதால் எழும் ஐயம் அது. ஆனால் ற வல்லினம். க, ச, ட, த, ப ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இருப்பது. ர இடையினம். ற பிறக்கும்போது நுனிநாக்கு அண்ணத்தை ‘ஒற்றும்’ என்றும், ர பிறக்கும்போது ‘வருடும்’ என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வேறுபடுத்துகிறது. ஒற்றினால் காற்று ஒரு கணம் அடைபட்டு நிற்கும், வருடினால் நிற்காது. மேற்பல்லை நாக்கு தொட்டால் த், பல்லுக்குச் சற்று மேலே ஈறு புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டு அடைத்தால் ற், இன்னும் பின்னே வளைந்து தொட்டால் ட். பல்லிலிருந்து ஓர் அடி பின்வாங்கினால் போதும், த் என்பது ற் ஆகிவிடும்.

அந்தப் பழைய ஒலி அழிந்துவிடவும் இல்லை. ஆங்கிலத்து டொரண்டோவை ‘ரொறன்ரோ’ என்றும், கிரிக்கெட்டைக் ‘கிரிக்கெற்’ என்றும் எழுதும் ஈழத்தமிழர் வழக்கத்தைப் பிழை என்று சிரிப்பவர்கள் உண்டு. அதில் ஒலியியல் நியாயம் இருக்கிறது: ஆங்கிலேயர் அந்த ஒலியை ஈற்றுமேட்டில் நாக்கை ஒற்றித்தான் சொல்கிறார்கள், நம் ட் என்பதைவிட ற் அதற்கு நெருக்கமானது.

இந்த ஒரு விதி தெரிந்தால் அற்புதம், உற்சவம், உற்சாகம், சற்குரு எல்லாம் ஒரே சாவியில் திறக்கும். அதே ‘உத்’ முன்னொட்டு உத்தமத்தில் மட்டும் ஏன் மாறவில்லை? பின்னால் வருவது த. த் பக்கத்தில் த நிற்கத் தடையில்லை. மலையாளமோ அனுமதிக்கப்பட்ட நான்கில் ல் என்பதைத் தேர்ந்துகொண்டு ‘உல்பத்தி’ என்றது. விவிலியத்தின் முதல் நூலுக்கு அங்கே அதுதான் பெயர். பாலி மொழி இரண்டு மெய்களையும் ஒன்றாக்கி ‘உப்பத்தி’ என்றது. ‘உள்’ளையும் ‘பத்தி’யையும் ஒட்டவைத்து உற்பத்தியைப் பிரித்துக் காட்டும் வித்தைகளை நான் எண் சோதிடத்தோடுதான் சேர்த்து வைப்பேன். ஒலிமாற்றம் ஒழுங்கானது, ஒரு சொல்லுக்கு மட்டும் செல்லும் விதி விதியே அல்ல. வட்டார வழக்குகளின் ஒலிப்பைப் பதிவு செய்து அளக்கும் ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், இத்தகைய வித்தைகளுக்குக் கிடைக்கும் கைதட்டல் குறையும் என்பது என் எண்ணம்.

இனிப் பொருளுக்கு வருவோம். வடமொழியில் தானாகத் தோன்றுவது உத்பத்தி. ஒருவர் தோற்றுவிப்பது, வேரின் உயிர் நீண்டு, உத்பாதனம். இந்தியிலும் கன்னடத்திலும் தொழிற்சாலைக்கு உரியது இந்த இரண்டாவது சொல்தான். தமிழ் அந்த வேறுபாட்டைப் பெயரில் வைத்துக்கொள்ளாமல் தன் வினைகளிடம் ஒப்படைத்தது. ஆகு, ஆக்கு என்று மெய்யை இரட்டித்தே தன்வினையைப் பிறவினையாக்கத் தெரிந்த மொழி இது. இரவல் பெயருக்கு அப்படிச் செய்ய முடியாததால் ‘ஆகு’வையும் ‘செய்’யையும் துணைக்கு அழைத்தது. காவிரி தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது. சர்க்கரையை ஆலை உற்பத்தி செய்கிறது. ஆலையின் பேச்சே நம் காதில் அதிகம் விழுவதால், வினை இல்லாமல் உற்பத்தி என்று மட்டும் சொன்னால் இப்போது இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

தட்டி எழுதியவர் ‘உற்பத்தியாகும்’ என்று சரியாகவே எழுதியிருக்கிறார். தேங்கிய நன்னீரில் கொசு யாரும் செய்யாமல் முட்டையிலிருந்து தோன்றுகிறது. ‘கொசு உற்பத்தி செய்யும் இடங்கள்’ என்று எழுதியிருந்தால் வாசகர் முதலாளியைத் தேடியதில் நியாயம் இருந்திருக்கும்.