பாக்கெட்டைக் காட்டுங்க தம்பி

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடக்கிறது. உள்ளே எல்லாம் காலி பாக்கெட்டுகள். குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலை, பல்லில் தேய்க்கும் பொடி, ஒரு பீடிக் கட்டின் மேல்தாள். பல் மருத்துவராகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து நோயாளிகள் தங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியவை அவை. வாயைப் பார்ப்பேன். கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கும். "பாக்கெட்டைக் காட்டுங்க" என்பேன். கொஞ்சம் நெளிந்துவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறது, புகையிலையா, பாக்கு மட்டுமா, இரண்டுமா என்று படித்துப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

2013 மே மாதத்துக்குப் பிறகு அந்த டப்பாவில் அதிகம் எதுவும் சேரவில்லை. அந்த மாதம்தான் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தடை வந்தது. உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ இருக்கக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியைக் கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையர் போட்ட ஓராண்டு உத்தரவு அது. பிறகு வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. இனி இந்த நாற்காலியில் இறுகிப்போன வாயோடு வந்து உட்காருகிறவர்கள் குறைவார்கள் என்று நினைத்தேன்.

குறையவில்லை. பாக்கெட்டுதான் காணாமல் போனது.

போன மாதம் வந்த பையனைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது. பைக் மெக்கானிக் கடையில் வேலை. அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். "டாக்டரம்மா, ரெண்டு மாசமா குழம்புல கையே வைக்க மாட்டேங்கான். காரம் பட்டா எரியுதாம். தயிரை ஊத்தித்தான் திங்கான். இட்லியைக்கூட நாலாப் பிச்சுத்தான் போடுதான்." நான் ஸ்கேலை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்தேன். 24 மில்லிமீட்டர். நன்றாக இருக்கும் வாயில் அவரவர் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்க முடியும்; அவனுக்கு இரண்டு விரலே சிரமம். கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினால் கயிறு மாதிரி நார்கள் தட்டுப்பட்டன. ஓஎஸ்எம்எஃப் என்று சுருக்கமாகச் சொல்வோம். வாயின் உள்தோலுக்கு அடியில் நார் படர்ந்து இறுகிக்கொண்டே போகும் நோய்.

"என்ன போடுதே?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறும் பாக்குதான்."

"பாக்கெட்டைக் காட்டுங்க தம்பி."

பாக்கெட் இல்லை. மடித்த தாளில் பொட்டலமாக வாங்குகிறானாம். யார் கலக்குகிறார்கள், எதைக் கலக்குகிறார்கள் என்று அவனுக்கே தெரியாது. சென்னைப் பக்கம் இதற்கு மாவா என்று பெயர்: சீவல், புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் கலந்து கசக்கிய கலவை. தடைக்கு முன்பும் மாவா இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அச்சடித்த பாக்கெட் கடையிலிருந்து மறைந்தபோது அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது இப்படிப் பெயரில்லாத பொட்டலங்கள்தான். பாக்கெட்டிலாவது தேள் படமோ புற்றுநோய்ப் படமோ இருந்தது. தாளில் என்ன இருக்கும், பழைய செய்திதான்.

அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி: "போலீஸ்ட்ட சொல்லிருவீங்களா மேடம்?"

இந்தக் கேள்வி 2013க்கு முன்னால் எனக்கு வந்ததே இல்லை. இந்தத் தடை தயாரிப்பவர், பதுக்குபவர், கொண்டுபோகிறவர், விற்பவர் மேல்தான். வாங்கி வாயில் போட்டவரைப் பிடிக்கிற சட்டம் இல்லை. ஆனால் இது நோயாளிக்குத் தெரியாது. அதனால் டாக்டரிடமே பொய் சொல்கிறார்கள். பொய் சொல்கிற வாயில் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது கஷ்டம். எரிச்சல் தொடங்கிய நாலாம் மாதம் வர வேண்டியவர் நாலாம் வருஷம் வருகிறார்.

அவன் சொன்ன "வெறும் பாக்குதான்" என்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சட்டம் புகையிலையைத் தடுத்தது, பாக்கைத் தடுக்கவில்லை. ஓஎஸ்எம்எஃப் வருவதற்கு முக்கியக் காரணமே பாக்குதான். புகையிலை ஒரு துளிகூட இல்லாமல் பாக்கை மட்டும் மென்றாலும் வாய் இறுகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது, புகையிலையோடு ஒரே வரிசையில். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் இந்த நோய் உள்ளவர்களைப் பதினேழு ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப்புற்று வந்தது. இத்தனையும் இருக்க, "அதுதான் தடை, இது தடையில்லை" என்ற வேறுபாட்டை ஜனங்கள் "அது கெட்டது, இது பரவாயில்லை" என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்தது அப்படித்தான்.

உற்பத்தியாளர்களுக்கு இந்தச் சந்து நன்றாகவே தெரிந்தது. புகையிலை இல்லாத பான் மசாலா ஒரு பாக்கெட், பக்கத்திலேயே மெல்லும் புகையிலை இன்னொரு சின்ன பாக்கெட். இரண்டையும் கிழித்து வாயிலேயே கலந்துகொண்டால் குட்கா. இந்த இரட்டைப் பாக்கெட் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 செப்டம்பரில் தடையை முழுசாக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில், ஓராண்டு உத்தரவையே திரும்பத் திரும்பப் போட்டு நிரந்தரத் தடை ஆக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நடுவில் மூன்று மாதம் எது சட்டம் என்று பெட்டிக்கடை அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எண்களையும் பார்த்துவிடுவோம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நாடு முழுக்க நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-10இல் இந்தியா முழுதும் 34.6 சதவீதம், 2016-17இல் 28.6 சதவீதம். நல்ல செய்தி. தமிழ்நாட்டில்? 16.2 சதவீதமாக இருந்தது 20.0 ஆனது. தடை நடுவில் வந்த ஆண்டுகள் இவை. தடையால்தான் கூடியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தடை போட்டோம், குறைந்துவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் அவர் முன்னால் வைப்பேன்.

எங்கள் தெருமுனை அண்ணாச்சியிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் விற்பதில்லை. விற்கிற கடைகளை நன்றாகத் தெரியும். "முன்னால சரம் சரமாத் தொங்கும் டாக்டர். பள்ளிக்கூடப் பிள்ளை வந்து கேட்டா நாலு பேர் பார்ப்பான், திட்டுவான். இப்போ கண்ணுக்குத் தெரியாம கை மாறுது. கேட்கிறவன் வயசை எவன் பார்க்கான்?" பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் அந்தச் சட்டப்படி அபராதம் அதிகபட்சம் இருநூறு ரூபாய். ஒரு பக்கம் முழுத் தடை, இன்னொரு பக்கம் இருநூறு ரூபாய். மறைத்து விற்பவர் பத்து ரூபாய்ச் சரக்கை நாற்பதுக்கு விற்கிறார் என்று அந்த மெக்கானிக் பையனே சொன்னான். விலை கூடியதால் அவன் விடவில்லை. ஒரு பொட்டலத்தை முன்பு இரண்டு தடவையில் தீர்ப்பானாம். இப்போது கன்னத்தில் ஒதுக்கிவைத்து மணிக்கணக்காக ஊறவிடுகிறான். வாய்த்தோலுக்கு இது இன்னும் கேடு.

இனி வரிக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரி கூடினால் கள்ளச் சந்தை வரும், ஆகவே வரியே போடாதே என்று சிகரெட் கம்பெனிகள் எல்லா நாட்டிலும் பாடும் பாட்டு இருக்கிறதே, அதற்கு நான் பின்பாட்டு பாடவில்லை. விலை ஏறினால் குடிப்பவர் எண்ணிக்கை குறையும், குறிப்பாகக் கையில் காசில்லாத இளவயசுக்காரர் தொடங்கவே யோசிப்பார். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. என் சங்கடம் வேறு. ஒன்றின் விலையை ஏற்றி, பக்கத்திலிருப்பதன் விலையை அப்படியே விட்டால் ஆள் பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறார்.

சுமை தூக்கும் ஒரு பெரியவர், ஐம்பத்தெட்டு வயது, பல் ஆடுகிறது என்று வந்தார். மேலண்ணம் முழுக்க வெளுத்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். பார்த்தவுடன் புகைக்கிறவர் என்று தெரிந்துவிடும். "சிகரெட்டை விட்டு மூணு வருஷம் ஆச்சும்மா" என்றார் பெருமையாக. விட்டதற்குக் காரணம் விலை. பிறகு? "பீடிதான். ஒரு கட்டு, ஒன்றரைக் கட்டு." பீடியில் தூள் குறைவு, அதனால் தீங்கும் குறைவு என்று நினைத்திருந்தார். பீடி சும்மா விட்டால் அணைந்துவிடும். அணையாமல் வைக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நகம் வரை மஞ்சள் ஏறியிருந்தது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 40 சதவீதம் என்று முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடிக்கு 28இலிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கு 18இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவானது. ஏன் என்று தெரியாமல் இல்லை. எங்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றாத தெரு அபூர்வம். இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் கணக்காகப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு வரும் பெண்களும் என்னிடம்தான் பல் பிடுங்க வருகிறார்கள். அந்தக் கூலியில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் அடுப்பை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பெண்களுக்கு வேறு வேலை உண்டாக்குவதற்குப் பதில், பீடியை மலிவாக வைத்திருப்பதால் அந்தப் பெரியவருக்கு என்ன ஆகிறது என்பதையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு எதிர்க்கரையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இலங்கையில் ஒற்றைச் சிகரெட் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏழைகள் பீடிக்குப் போனார்கள். பீடி இலை அங்கே பெரும்பாலும் இறக்குமதிதான், தீர்வையும் பெரிது. விளைவு: தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையிலிருந்து ராத்திரிப் படகில் மூட்டை மூட்டையாகப் பீடி இலை போகிறது. இங்கே போலீசின் கியூ பிரிவு பிடிக்கிறது, அங்கே கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் கடற்படை பிடிக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படும். பெயர் புகையிலைக் கட்டுப்பாடு. பிழைப்பு தேடிப் படகில் ஏறுகிறவன் மீனவன் வீட்டுப் பையன்.

ஆஸ்திரேலியா பணக்கார நாடு. அங்கேயும் கதை வேறில்லை. ஒரு சிகரெட்டுக்குத் தீர்வை மட்டும் 1.40 டாலருக்கு மேல். 2019-20இல் சுமார் 1,630 கோடி டாலர் வந்த புகையிலைத் தீர்வை ஐந்தே ஆண்டில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாரும் விட்டுவிட்டதால் மட்டும் அல்ல. திருட்டுச் சிகரெட் கடைக்குக் கடை கிடைக்கிறது. அந்த வியாபாரத்தை யார் பிடிப்பது என்ற சண்டையில் 2023 முதல் மெல்பர்னில் புகையிலைக் கடைகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் கடை எரியவில்லை. இங்கே நடப்பது சில்லறை. விலை ஏற ஏறப் பாக்கெட்டாக வாங்குவது குறைந்து, ஒன்றிரண்டாக வாங்குவது கூடுகிறது. 2016இலிருந்து பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம். 2018 செப்டம்பரிலிருந்து அந்தப் படத்தோடு 1800-11-2356 என்ற எண்ணும் இருக்க வேண்டும். புகையிலையை விட நினைப்பவர் காசில்லாமல் கூப்பிட்டுப் பேசும் எண். சில்லறையாக வாங்குபவர் கையில் பாக்கெட்டே வராது. கடத்தல் சிகரெட்டில் இந்த எண் கிடையாது. தாள் பொட்டலத்தில் எப்படி இருக்கும்? உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் அது அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது காரம் திடீரென்று பொறுக்காமல் போனால், வாயைத் திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். திட்டிக்கொண்டே பார்க்காதீர்கள், அடுத்த தடவை காட்ட மாட்டார்கள். பல் மருத்துவரிடம் என்ன போடுகிறோம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். நாங்கள் போலீசுக்குப் போன் போடுவதில்லை. இறுக்கம் ஆரம்பத்தில் தெரிந்தால் மேலும் இறுகாமல் நிறுத்த வழி இருக்கிறது: பாக்கை அறவே விட்டுவிட்டு, வாய் திறக்கும் பயிற்சி, மருந்து, தேவைப்பட்டால் ஊசி. முழுக்க இறுகிய பிறகு வந்தால் கத்திதான் வைக்க வேண்டியிருக்கும்.

அந்த மெக்கானிக் பையன் போன செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தான். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தேன்; செய்திருக்கிறான். 26 மில்லிமீட்டர். பாக்கு? "ரெண்டு நாளைக்கு ஒண்ணு மேடம்." உண்மையைத்தான் சொல்கிறான் என்று தோன்றியது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 1800-11-2356 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். போகும்போது சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தேன். சீவல் தெரிந்தது, சுண்ணாம்பு தெரிந்தது, கறுப்பாக இன்னும் ஏதோ இருந்தது. டப்பாவில் போட்டு மூடினேன்.