ஆறியது மருந்தாலா, அதுவாகவா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் தேங்கும். கொசு பெருகும். கொசு கடித்துக் கோழி அம்மையும் பரவும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் அலகடியிலும் கொப்புளம் கிளம்பினால், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். மூன்று, நான்கு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து கோழி பழையபடி மேயும். மருந்து கேட்டுவிட்டது என்று பேச்சு முடியும்.

தோலில் மட்டும் வரும் அம்மை, ஒன்றும் தடவாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். அதற்காக அந்தப் பூச்சு வீண் என்று சொல்லவில்லை. ஈ மொய்ப்பதையும் புண்ணில் சீழ் பிடிப்பதையும் அது குறைக்கலாம். ஆனால் அதைச் சொல்ல, தடவாத கோழிகளும் பக்கத்தில் இருந்து, இரண்டையும் ஒரே கண்ணோடு எண்ணியிருக்க வேண்டும். இதே அம்மை சில கோழிகளுக்கு வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாகப் படர்ந்து மூச்சை அடைக்கும், அவை சாகும். தோல் அம்மை வந்தவற்றுக்குத் தடவிவிட்டு, தொண்டை அம்மையில் செத்தவற்றோடு ஒப்பிட்டால் எந்தக் களிம்பும் அற்புத மருந்தாகத்தான் தெரியும்.

மனிதருடைய காது, தொண்டைக்கும் இதே கணக்குதான். சளி பிடித்த குழந்தைக்குத் திடீரென வரும் நடுக்காது அழற்சியில், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மூன்று நாளில் ஒரே ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி தீர, சுமார் 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மருந்தால் வாந்தி, பேதி, தடிப்பு என்று கூடுதலாக ஒரு குழந்தை அவதிப்பட சுமார் 14 பேருக்குக் கொடுத்தாலே போதும். இரண்டு வயதுக்குள் இருந்து இரண்டு காதிலும் வந்தாலோ, காதில் சீழ் வடிந்தாலோ கணக்கு மாறும். அங்கே மருந்தின் பயன் தெளிவாகவே தெரிகிறது.

தொண்டை வலியும் அப்படித்தான். மருந்தில்லாமலே ஒரு வாரத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே வலியின் காலத்தைக் குறைக்கிறது. அப்படியானால் வேண்டாமா? எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டை அழற்சிக்குப் பின், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்கு மூட்டு வீங்கி, இதய வால்வு பழுதாகும் வாதக்காய்ச்சல் வரலாம். பெனிசிலின் கொடுப்பதன் பெரிய பலன் அதைத் தடுப்பதில் இருக்கிறது. மூன்றாம் நாள் தொண்டை வலி போனதா என்று மட்டும் கேட்பவருக்கு அந்தப் பலன் கண்ணில் படவே படாது.

நாள்பட்ட காதுச் சீழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். செவிப்பறையில் ஓட்டை விழுந்த பையன் ஆற்றிலும் வாய்க்காலிலும் முங்கிக் குளிப்பான். தண்ணீர் உள்ளே போய்ச் சீழ் மறுபடி வடியும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். பிப்ரவரி கடைசியில் வாய்க்கால் வற்றினால் குளியலும் நின்றுபோகும். ஜனவரியில் தொடங்கிய சொட்டு மருந்துக்கு மார்ச்சில் காது உலர்ந்தால், பாராட்டு யாருக்கு? அதே மாதங்களில் மருந்து போடாத காதுகளும் உலர்ந்தனவா என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

செவிப்பறையில் ஒட்டுப் போடும் அறுவைக்குப் பின் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். காது உலர்ந்திருக்கிறதா? ஓட்டை மூடியதா? காது கேட்கிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று வந்து மூன்றாவதில் இல்லை என்று வருவது சாதாரணம். காரணம் பெரும்பாலும் பட்டடை எலும்பு, அதாவது செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்தும் மூன்று சிறு எலும்புகளின் சங்கிலியில் நடுவில் இருப்பது. சீழ் பல வருடம் தேங்கியதில் அதன் நீண்ட காம்பு அரிக்கப்பட்டு, சங்கிலி அறுந்திருக்கும். பறை முழுதாக இருந்தும் அதிர்வு உள்ளே போய்ச் சேராது. அதனால்தான் அறுவைக்கு முன்னும் பின்னும் காற்று வழிக் கேட்பையும் எலும்பு வழிக் கேட்பையும் (மண்டை எலும்பு வழியாக ஒலி நேராக உள்காதுக்குப் போவது) ஆடியோமீட்டர் என்ற கருவியில் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்தால் வெற்றி என்று பொதுவாகக் கொள்வார்கள். மூன்றாம் மாதம் ஒருமுறை பார்த்தால் மட்டும் போதாது, ஒட்டு பின்னாலும் கிழியலாம். ஒரு வருடம் கழித்தும் பார்க்க வேண்டும்.

இனி வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்லும் கோழிகளின் வைரஸ் நோய். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகலாம். 30 கோழியில் 24 செத்த பிறகு, மிச்சம் ஆறுக்கும் மருந்து கொடுத்து ஐந்து பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். 83 சதவீத வெற்றி! அந்த ஆறும் முதல் அலையைத் தாங்கி நின்றவை. பாதி குணமான பிறகுதான் மருந்தே தொண்டைக்குள் போயிருக்கிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பக்கத்துத் தெருவில் கோழி சாகிறது என்று ஓடிப்போய் ஊசி போடுவார்கள். நான்காம் நாள் கோழி செத்தால் ஊசிதான் கொன்றது என்பார்கள். நோய் அரும்ப சராசரி ஐந்தாறு நாள் ஆகும், ஆகவே கிருமி ஊசிக்கு முன்பே உள்ளே இருந்திருக்கும். தடுப்பூசி வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும்.

வேலை செய்ததா என்று பார்க்க, கோழி நோய்க்கு ஆளாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பு மருந்து கொடுத்த இரண்டு மூன்று வாரத்தில் பத்துக் கோழிகளின் இறக்கை நரம்பில் ஒன்றிரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஊநீரை (ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீர்) பிரித்து, அதில் நோய் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டும் எச்.ஐ. பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஊநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், எத்தனை மடங்கு வரை அது வைரஸ் ரத்த அணுக்களை ஒட்டவைப்பதைத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். சராசரியைக் காட்டிலும் பரவலைப் பாருங்கள். ஆறு கோழிக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறி, நான்கு கோழிக்கு ஏறவே இல்லை என்றால் அந்த நான்கும் மருந்தைக் குடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். குடிநீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா என்ற உயிருள்ள தடுப்பு மருந்தைக் குளோரின் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து, லிட்டருக்கு இரண்டு கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தோடு வைத்திருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே வைக்க வேண்டும்.

களிம்பு பலிக்கிறதா என்று கொட்டகையிலேயே சோதிக்க விரும்பினால், அம்மை கண்ட கோழிகளை நாணயம் சுண்டிப் பிரித்துக் காலில் இரண்டு நிற நூல் கட்டுங்கள். நோஞ்சானை ஒரு பக்கம், தெம்பானதை இன்னொரு பக்கம் தள்ளக் கை தானாகவே போகும். நாணயம் அதைத் தடுக்கும். மற்றக் குழுவுக்கு மஞ்சளும் வேப்பிலையும் இல்லாத, அதே நிறம் ஏற்றிய வெறும் எண்ணெயைத் தடவி, எது எதற்கு என்று தெரியாத ஒருவரைப் பொருக்கு எண்ணச் சொல்லலாம். முதல் நாளும் 14, 28-ஆம் நாளும் எடை போடுங்கள். ஆனால் ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும் நோயில், ஒரு கொட்டகைக்கு மருந்து, மறு கொட்டகைக்கு இல்லை என்று பிரித்தால், 40 கோழி இருந்தாலும் கையில் இருப்பது இரண்டே இரண்டு சான்றுதான். காற்றோட்டமோ ஈரமோ மாறினாலே முடிவு மாறிவிடும்.

எண்ணிக்கையும் முக்கியம். தடுப்பூசி போட்ட பத்தில் ஒன்பது பிழைத்து, போடாத பத்தும் செத்தால் அதுவே போதும். ஆனால் தானாக 80 சதவீதம் ஆறும் நோயில் மருந்து அதை 90 ஆக்குகிறது என்று நம்பும்படி காட்ட, ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 வேண்டும். ஐந்தில் நாலு, ஐந்தில் மூன்று என்பதெல்லாம் ஒரு கோழியின் வித்தியாசம்.

கடைசியாகக் காணாமல் போனவை. நோய் வந்த கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவதும் குழம்பு வைப்பதும் நடக்கிற காரியம்தான். அவையும் தொடக்கக் கணக்கில் இருக்க வேண்டும், இழப்பாக. காது மருத்துவத்தில், திரும்பி வராத நோயாளி குணமாகி நாற்று நடவுக்குப் போயிருக்கலாம். காது கேட்காமலே வேறு டாக்டரிடமும் போயிருக்கலாம். நூறு பேரில் அறுபது பேர் வந்து ஐம்பத்து நாலு பேருக்கு நலம் என்றால், அதை 90 சதவீதம் என்று எழுதுவதும் 54 சதவீதம் என்று எழுதுவதும் வேறு வேறு. இரண்டையும் எழுதி, வராத நாற்பது பேரின் கைபேசிக்குக் கூப்பிட்டுக் கேட்டதில் என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுவதே சரி.