கருப்புத் திரையும் ஃபார்மட் வியாதியும்

போன வாரமும் ஒரு கேஸ். தாம்பரம் பக்கம் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிற பையன். கேம் ஆடுகிற ரக லேப்டாப், உள்ளே என்விடியா கிராபிக்ஸ் கார்டு, உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டிருக்கிறான். ராத்திரி அப்டேட் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். காலையில் ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அப்புறம் திரை முழுக்கக் கருப்பு. பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறான். கடைக்காரர் நின்ற இடத்திலேயே ஃபார்மட் போட்டு, விண்டோஸ் ஏற்றி, காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். புராஜெக்ட் ரிப்போர்ட், நாள்கணக்காக ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்த மாடல் ஃபைல்கள், எல்லாம் போச்சு. அதற்கு அப்புறம் என்னிடம் வந்து, "அண்ணா, எப்படியாவது ரெகவர் பண்ணித் தர முடியுமா?" என்கிறான்.

என்ன சொல்ல? எஸ்எஸ்டி டிஸ்க்கில் ஃபார்மட் போட்டால், அந்த இடம் முழுக்க இனி வேண்டாதது என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே சொல்லிவிடும். டிஸ்க் தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றாலாவது தோண்டிப் பார்க்கலாம். இதில் கிடைப்பது அபூர்வம்.

அந்த லேப்டாப்புக்கு உண்மையில் என்ன கோளாறு? புது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருக்கிறது, அதற்கு ஏற்ற என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) தயாராகவில்லை. அவ்வளவுதான். பழைய கெர்னலில் பூட் செய்திருந்தால் திரை வந்திருக்கும். வேலை முடியும் நேரத்தில் ஒரு டீகூட ஆறியிருக்காது. இத்தனைக்கும் இது சென்னை. இந்திய லினக்ஸான பாஸ் லினக்ஸ் உருவானதே இங்கே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் அதுதான் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. ஆனாலும் இந்த ஊரில் லினக்ஸ் திரை கருத்தால் கடைகளில் கிடைக்கும் ஒரே வைத்தியம் ஃபார்மட்!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். திரையில் படம் வரவில்லை என்றால் கணினி ஓடவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பின்னால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கேப்ஸ்லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? உயிர் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் லாகின் கேட்டால் உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன. அங்கேயே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். அதுவும் வரவில்லையா, உபுண்டு நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவைச் செருகி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் உள்ளே போனால், டிஸ்க்கைத் திறந்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் கைக்கு வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் பரிசோதனை செய்யுங்கள், நான் கேட்க மாட்டேன்.

பழைய கெர்னலுக்குப் போவது எப்படி? ஆன் செய்தவுடன் எஸ்கேப் விசையை ஒரு தடவை அழுத்துங்கள் (பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்). எதை ஓட்டுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் இரண்டாவதாக இருக்கும் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் கெர்னல்கள் வரிசையாக நிற்கும். மேலே இருப்பது புதியது, அதற்குக் கீழே முந்தையது. முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். பதற்றத்தில் எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தால் மெனுவுக்குப் பதில் கிரப்பின் கட்டளை வரி வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து கடைக்கு ஓடியவர்களும் உண்டு.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "கம்பெனி வெப்சைட்டிலிருந்து லேட்டஸ்ட் டிரைவரை டவுன்லோட் பண்ணிப் போட்டேன் சார், அப்பவும் சரியாகல." அப்பவும் இல்லை ஐயா, அதனால்தான்.

விண்டோஸில் பழகிய கை இது. கார்டு பெயரைத் தேடு, ஃபைலை இறக்கு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் அழுத்து. லினக்ஸில் இந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இன்டெல் கிராபிக்ஸா? டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி கார்டா? அதுவும் கெர்னலுக்குள்ளேயே. முப்பரிமாண வேலைக்கு வேண்டிய மீதிப் பகுதி மெசா என்ற தொகுப்பாக உபுண்டுவோடு வந்துவிடுகிறது. வீட்டிலும் ஆபீசிலும் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர் இந்த இரண்டுக்கும் எந்த வெப்சைட்டிலும் எதையும் தேட வேண்டாம். மிகப் புதிய கார்டு வாங்கிப் பழைய பதிப்பில் செருகினால் மட்டும் படம் வராமல் போகலாம். அதற்கு மருந்து புதிய கெர்னலும் புதிய ஃபர்ம்வேர் தொகுப்பும்தான். தனி டிரைவர் என்று ஒன்று இல்லை.

என்விடியா கதை வேறு. அவர்களுடைய டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. ஒவ்வொரு கெர்னலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) தயாராக வேண்டும். உபுண்டுவே நிரல்களைத் தொகுத்து வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து போட்டால் இந்தப் பொறுப்பு உபுண்டுவுடையது. புது கெர்னல் வரும்போது பொருத்தமான மாட்யூலும் கூடவே வரும், அல்லது டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதை உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்ளும். நீங்கள் வெப்சைட்டிலிருந்து 'ரன்' ஃபைலை இறக்கி ஓட்டினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். ஓடும்போது அது கேட்கிற கேள்விகளை யாரும் படிப்பதில்லை, என்டர் என்டர் என்று தட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டில் மாட்யூல் இல்லாமல் திரை கருக்கும். இன்னொன்று, அந்த ஃபைல் உபுண்டுவுக்குத் தெரியாமல் சில லைப்ரரிகளை வைத்துவிட்டுப் போகும். பிறகு மனம் மாறி, அதை நீக்காமலேயே மேலே உபுண்டு டிரைவரையும் போட்டால் இரண்டு பதிப்பும் கலந்துவிடும். அப்படி வருகிற கணினியைப் பிரித்து மேய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அதோடு வந்த என்விடியா அன்இன்ஸ்டால் நிரலை முதலில் ஓட்டி அதை முழுதாக எடுங்கள். அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

சரியான இடம் எது? உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்று ஒரு சாளரம் இருக்கிறது. திறந்தால் உங்கள் கார்டுக்குப் பொருந்துகிறவை வரிசையாக வரும், ஒன்றின் பக்கத்தில் பரிந்துரை என்று போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று வேறொன்றுக்குத் தாவாதீர்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியம் வழியாகப் போட வேண்டும். அங்கே நிறுவி முடிந்தவுடனே ரீஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. பின்னணியில் மாட்யூல் தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். டெபியன் லினக்ஸில் கட்டற்ற உரிமம் இல்லாத (நான்-ஃப்ரீ) தொகுப்புகளின் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் என்விடியா டிரைவரே கண்ணில் படும்.

பழைய கார்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஸில் வாங்கும் என்விடியா ஜிடி 710, 730 கார்டுகளுக்குப் புது டிரைவர் வேலை செய்யாது. 710க்கு 470 என்ற டிரைவர் வரிசையோடு கதை முடிந்தது. 730 இன்னும் வேடிக்கை. ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப் விற்றிருக்கிறார்கள். கெப்ளர் சிப் என்றால் 470, ஃபெர்மி சிப் என்றால் 390. பெயரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பழைய வரிசைகள் புதிய கெர்னல்களோடு ஒத்துப்போகாமல் மல்லுக்கட்டும். டைப்பிங், பிரவுசர், படம் பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்தமூல டிரைவரே போதும், அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்து இல்லாத நிரலைக் கணினி ஏற்கவிடாத ஏற்பாடு. அது இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது சில நேரம் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலநிறத்தில் ஒரு திரை வரும், மோக் மேனேஜ்மென்ட் என்று எழுதியிருக்கும். அங்கே சாவியைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நீலத் திரையைப் பார்த்தவுடன் வைரஸ் என்று நினைத்துத் தொடரவும் என்பதை அழுத்திவிடுகிறார்கள். சிலர் டீ குடிக்கப் போயிருப்பார்கள், அது கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாகவே போய்விடும். கையெழுத்துச் சரிபார்க்கப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் வேலை செய்யாது. மோக்யூட்டில் என்ற கட்டளை மூலம் சாவியை மறுபடி பதிவுக்குக் கொடுத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே நீலத் திரை வரும். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

நோமோட்செட் என்ற கெர்னல் தேர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டவர்கள் அதிகம். கிரப்பில் e விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இதைச் சேர்த்தால் திரை வந்துவிடும். உண்மைதான். ஆனால் கிராபிக்ஸ் டிரைவரைப் படம் காட்டும் வேலையிலிருந்து ஒதுக்கிவைத்துத்தான் அது வருகிறது. உள்ளே போய்க் கோளாறைச் சரிசெய்வதற்கான தற்காலிக வழி அது. அதையே நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, வீடியோ திக்குகிறது, ரெசல்யூஷன் மாறவில்லை, ஃபேன் விமானம் மாதிரி சத்தம் போடுகிறது என்று வருகிறார்கள். செட்டிங்ஸில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கார்டு சும்மா இருக்கிறது, படம் வரைகிற பாரத்தைப் பிராசஸரே சுமக்கிறது.

பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே போகாமல் திரும்பத் திரும்ப லாகினுக்கே வருகிறதா? டிரைவரைத் தொடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். டிஸ்க் நிரம்பியிருக்கலாம். அல்லது, எப்போதோ சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு எக்ஸை (திரையைக் காட்டும் நிரல்) ஓட்டியதால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல், நிர்வாகியான ரூட் பெயருக்கு மாறியிருக்கலாம். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டும் இல்லையென்றால் லாகின் திரையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தைச் சொடுக்கிப் பாருங்கள். அங்கே எக்ஸ்ஆர்க் என்ற பழைய திரை முறை இருந்தால், புதிய வேலேண்டுக்குப் பதில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாமல் வருகிறவையும் கொஞ்சமில்லை. டெஸ்க்டாப்பில் கார்டு போட்டுவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பார்கள். மலிவான எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் மானிட்டரின் விவரங்களைக் கணினிக்குக் கடத்தாது, 1024 × 768 தாண்டாது. திட்டு மட்டும் லினக்ஸுக்கு! இரண்டு கிராபிக்ஸ் உள்ள பல லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். பேட்டரி சேமிக்க இன்டெல் மட்டும் என்று மாற்றி வைத்தால் வெளி மானிட்டர் வராது. போர்டு மாற்ற வேண்டும் என்று எங்கோ எஸ்டிமேட் கொடுக்கப்பட்டு, அந்தத் தாளோடு என்னிடம் வந்தவர் ஒருவர் இருக்கிறார். எந்த கிராபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம்-செலக்ட்டில் ஆன்-டிமாண்ட் என்று மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தேன், மானிட்டர் வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷமா கோபமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இன்டெல் லேப்டாப்பில் திரை மட்டும் மின்னி மின்னி நடுங்கினால், பேனல் போச்சு என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். பேனலின் சுய புதுப்பிப்பு வசதியை (பிஎஸ்ஆர்) கிரப்பின் அதே லினக்ஸ் வரியில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பேனல் விலையை விசாரியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் டெஸ்க்டாப் கார்டைக் கழற்றி அதன் தங்கநிற முனைகளை ஒரு தடவை துடைத்துச் செருகிப் பாருங்கள். உப்புக் காற்று சும்மா விடாது.

இனி, தயவுசெய்து. அப்டேட் ஓடும்போது பவரை நிறுத்தாதீர்கள். கத்திரி வெயில் காலத்தில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நேரத்தில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பெரிய அப்டேட் எதற்கு? பாதியில் நின்றுவிட்டால் முன்பு சொன்ன வெள்ளை எழுத்துத் திரைக்குப் போய், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியை மீதி வேலையை முடிக்கச் சொல்லுங்கள். பழைய கெர்னலை இடம் அடைக்கிறது என்று நீக்காதீர்கள், ஒன்றாவது இருக்கட்டும். டைம்ஷிஃப்ட் என்ற நிரலைப் போட்டு, டிரைவர் மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (கணினியின் அப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். அதில் வழக்கமாக உங்கள் சொந்த ஃபைல்கள் சேராது, அவற்றுக்குத் தனியாக நகல் வேண்டும். நாளை மறுநாள் வைவா என்றால் இன்றைக்கு அப்டேட் வேண்டாம் தம்பி.

சரிசெய்யக் கொண்டுவரும்போது கார்டு என்ன, உபுண்டு எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். திரையில் ஏதாவது எழுத்து வந்தால் முழுத் திரையையும் ஃபோட்டோ எடுங்கள். "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா போச்சு" என்பது மட்டும் வேண்டாம். எந்தத் தொகுப்பை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் போட்டீர்கள் என்று உபுண்டுவில் தொகுப்புகளைப் போடும் ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவில் வரிவரியாக இருக்கிறது. நான் முதலில் திறப்பதே அதைத்தான்.