பருவுக்கு லேசர்: ஒன்றரை மடங்கு வித்தியாசத்தில் நடக்கும் வேலை

முகப்பருவுக்கு லேசர் செய்துகொண்ட நாலு பேரைப் பிடித்துக் கேட்டால் நாலு கதை கிடைக்கும். ஒருவர், வலியில் கண்ணீரே வந்துவிட்டது என்பார். இன்னொருவர், முகத்தில் ஏதோ கரியைப் பூசி டப் டப்பென்று அடித்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்பார். மூன்றாமவருக்கு முதல் மாதம் பரு இன்னும் கூடிப்போயிருக்கிறது. ஆறு மாதம் கழித்து முகம் தெளிந்திருக்கிறது. நாலாமவர் காசு போனதுதான் மிச்சம் என்று கையை விரிப்பார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் பட்ட ஒளி வேறு, அந்த ஒளி தேடிப்போன இடமும் வேறு. ஒரே இயந்திரத்தின் கீழ் படுத்தவர்கள்கூட வேறு வேறு மாதிரி சொல்வதற்கும் காரணம் இருக்கிறது.

லேசர் என்றால் தோலைச் சுடுவது என்று பலர் நினைக்கிறார்கள். சூடுதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒளியை எந்தப் பொருள் உறிஞ்சுகிறதோ அந்தப் பொருள்தான் சூடாகும். பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1983இல் 'சயின்ஸ்' இதழில் இதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தார்கள். குறிவைக்கும் பொருள் அதிகமாக உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடு. அந்தப் பொருளின் சூடு பக்கத்தில் பரவுவதற்குள் ஒளித்துடிப்பை முடித்துவிடு. அழிக்கப் போதுமான ஆற்றலை மட்டும் கொடு. பச்சை குத்தியதை அழிக்கும் லேசர், முடி நீக்கும் லேசர், பிறவிச் செம்மச்சத்துக்கான லேசர் எல்லாமே இந்தக் கணக்கில் பிறந்தவைதான்.

சரி, பருவில் எதைக் குறிவைப்பது?

முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது கிடையாது. அதனால்தான் அங்கே யாருக்கும் பரு வருவதில்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது இந்தச் சுரப்பி பெரிதாகி, சீபம் என்ற எண்ணெயை அதிகமாகச் சுரக்கிறது. துவாரத்தின் வாயில் இறந்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகிறது. அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கப்போக, சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. சில சமயம் துவாரத்தின் சுவர் தோலுக்குள்ளேயே உடைந்துவிடும். அப்போதுதான் தொட்டாலே வலிக்கும் பெரிய கட்டி எழும்புகிறது.

ஆக எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்று நாலு இடம். லேசர்க்காரர்கள் முதலில் போனது சுலபமான இடங்களுக்கு.

பாக்டீரியா சுலபமான இலக்கு. அது போர்ஃபைரின் என்ற நிறமியைத் தானாகவே தயாரிக்கிறது. தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் உட்ஸ் விளக்கின் புற ஊதா வெளிச்சத்தில் மூக்கைக் காட்டினால், துவாரங்களில் ஆரஞ்சுச் சிவப்பாகப் புள்ளிகள் ஒளிரும். அது இந்த நிறமிதான். 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது நன்றாக உறிஞ்சி, பாக்டீரியாவையே கொல்லும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. நீல விளக்கு முகமூடிகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் விற்கின்றன. வலி இல்லை. ஆனால் சுரப்பி அப்படியே இருக்கிறது, பாக்டீரியாவின் சாப்பாடான எண்ணெயும் அப்படியே இருக்கிறது. பாக்டீரியா திரும்ப வந்துவிடுகிறது.

அடுத்தது ரத்தம். சிவந்த பருவைச் சுற்றி விரிந்திருக்கும் நுண்குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின் 585, 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை உறிஞ்சும். பல்ஸ்டு டை லேசர் என்ற இயந்திரம் இதற்கென்று ஏற்கெனவே இருந்தது. இதன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2003இல் லண்டனில் 41 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு நிஜ லேசர், சிலருக்கு லேசர் மாதிரி ஒரு பாவனை. ஒரே ஒரு முறைதான் சிகிச்சை. 12 வாரம் கழித்து, நிஜ லேசர் பெற்றவர்களின் பரு மதிப்பெண் 3.8இலிருந்து 1.9ஆகப் பாதியாகிவிட்டது. பாவனைக் குழுவில் 3.6இலிருந்து 3.5. 'லான்செட்' இதழில் அது வந்ததும் பரபரப்பு. மறு வருடமே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 40 பேருக்கு முகத்தின் ஒரு பாதியில் மட்டும் லேசர் அடித்து, மறுபாதியைத் தொடாமல் விட்டார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பாதிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இந்தப் பாதி முகச் சோதனை எனக்குப் பிடித்தமானது. ஒரே ஆள், ஒரே ஹார்மோன், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். மாறுவது ஒளி மட்டும். பரு ஏறி இறங்கும் ஒரு நோய். முகம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம்; அந்த நிலையிலிருந்து எதுவுமே செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கியே தீரும். அந்த இறக்கத்தின் பெருமையைக் கடைசியாகச் செய்த சிகிச்சை தட்டிக்கொண்டு போய்விடும். இணையத்தில் வரும் 'முன்-பின்' படங்களில் எத்தனை சதவீதம் லேசருடையது, எத்தனை சதவீதம் காலத்துடையது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பருவுக்கான ஒளிச் சிகிச்சைகள் பற்றிய 71 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றின் தரம் குறைவு, உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் முடிவு.

கரி பூசிய கதை இதில் எங்கே வருகிறது? கார்பன் பீல் என்று அழகு நிலையங்களிலும் கிளினிக்குகளிலும் செய்வது அது. முகத்தில் பூசிய கரித்துகளை 1064 நானோமீட்டர் லேசர் நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் வெடிக்கச் செய்கிறது. அந்தச் சத்தம்தான் டப் டப். மேல்தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கும் இறந்த செல்களும் கழன்று, நாலு நாளைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். ஆழத்தில் இருக்கும் சுரப்பிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கல்யாண வாரத்துக்குச் சரி, பருவுக்கு வைத்தியம் என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

வேரில் இருப்பது சுரப்பிதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இவ்வளவு பலமாக வேலை செய்வதே சுரப்பியைச் சுருக்குவதால்தான். ஆனால் எண்ணெய்க்கு ஒளி உறிஞ்சும் நிறம் இல்லை. ரத்தம் சிவப்பு, முடி கறுப்பு, சீபமோ வெளிர் மஞ்சள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதைத் தனியாகப் பிடிக்க வழியில்லை. அகச்சிவப்புக்குப் போனால் அங்கே தண்ணீர் எல்லாவற்றையும் மறைக்கிறது, தோலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. 1450 நானோமீட்டரில் ஒரு லேசர் வந்தது; தண்ணீரைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் சுரப்பியையும் சேர்த்து வாட்டுவது அதன் வழி. வலி அதிகம் என்பது நோயாளிகளின் தீர்ப்பு.

தண்ணீரின் இரண்டு பெரிய உறிஞ்சல் முகடுகளுக்கு நடுவே, 1700 நானோமீட்டரைத் தாண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கொழுப்பில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு சரியாக அந்தப் பள்ளத்தில் தலைகாட்டுகிறது. ராக்ஸ் ஆண்டர்சனின் குழு இதைச் சோதிக்க நினைத்தபோது அந்த அலைநீளத்தில் போதிய சக்தியுள்ள மருத்துவ லேசர் கையில் இல்லை. வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர்கள் கட்டியிருந்த ஃப்ரீ எலக்ட்ரான் லேசரிடம் போனார்கள். எலக்ட்ரான்களை முடுக்கி ஒளி எடுக்கும் ராட்சத இயந்திரம் அது. எந்தக் கிளினிக்கிலும் அதை வைக்க முடியாது. 2006இல் வெளிவந்த முடிவு: கொழுப்பை ஒளியால் தனித்துச் சூடாக்க முடியும். 2012இல் எண்ணெய்ச் சுரப்பிக்கென்றே அளந்து பார்த்தார்கள். 1720 நானோமீட்டர் அருகே சீபம் தண்ணீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் சூடாகிறது.

ஒன்றரை மடங்குதான். நோயாளிகள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

சுரப்பி சூடாகும்போது சுற்றியுள்ள தோலும் அதற்கு ரொம்பப் பின்தங்காமல் சூடாகும். அதனால் குளிரூட்டல் இல்லாமல் இந்தச் சிகிச்சையே இல்லை. 1726 நானோமீட்டரில் வேலை செய்யும் இரண்டு இயந்திரங்களுக்கு 2022இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. மார்ச்சில் ஆவிக்ளியர், நவம்பரில் ஆக்யூர். முதலாவது, குளிரூட்டிய சஃபையர் படிகத்தைத் தோலில் அழுத்தி, அதன் வழியாகவே ஒளியை அனுப்புகிறது. இரண்டாவது, குளிர்காற்றை வீசியபடி தோலின் வெப்பத்தைக் கேமராவால் கண்காணிக்கிறது. படுத்திருப்பவருக்குக் கண்ணில் கவசம், வெளிச்சம் எதுவும் தெரியாது. முதலில் ஜில்லென்று படிகம் படும், அப்புறம் சுரீரென்று ஒரு சூடு, மறுபடி ஜில். ரப்பர் பேண்டைச் சூடாக்கிச் சுண்டிவிட்டது போல என்று பலர் சொல்கிறார்கள். கன்னத்தில் பொறுத்துக்கொள்ளலாம், மேலுதட்டிலும் எலும்பை ஒட்டிய நெற்றியிலும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். முழு முகத்துக்கு அரை மணி நேரம் போல. சிவப்பும் லேசான வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒரேயடியாகச் சுரப்பியை முடித்துவிடும் அளவுக்கு ஆற்றலைக் கூட்டினால் பக்கத்துத் தோல் வெந்துவிடும். ஆகவே மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று, நாலு தடவை போக வேண்டியிருக்கிறது.

முதல் தடவைக்குப் பிறகு பரு கூடுவதுதான் பலரைக் கலங்கடிக்கிறது. சிதைந்த சுரப்பிச் செல்களை அப்புறப்படுத்த உடல் அழற்சியை ஏவுகிறது, உள்ளே தயாராகிக்கொண்டிருந்த அடைப்புகள் அதில் முந்திக்கொண்டு வெளியே வருகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். பலன் தாமதமாவதற்கும் உடலமைப்பிலேயே காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண் அடைப்பு பருவாக எழும்பப் பல வாரம் ஆகும். இன்று கண்ணாடியில் பார்க்கும் பரு, லேசர் அடிப்பதற்கு முன்பே விதை போட்டது.

ஆவிக்ளியரின் முக்கியச் சோதனையில் 104 பேர். கடைசிச் சிகிச்சை முடிந்த 12ஆவது வாரத்தில் சுமார் 80 சதவீதத்தினருக்கும், 26ஆவது வாரத்தில் 87 சதவீதத்தினருக்கும் அழற்சிப் பருக்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'பாதி' என்பதைக் கவனியுங்கள். 30 பரு 15 ஆனால் சோதனையில் அது வெற்றி. முகத்தில் 15 பருவோடு கண்ணாடி முன் நிற்பவர் அதை வெற்றி என்று சொல்வாரா? காசு போச்சு என்ற நாலாமவர் இந்தக் கணக்குப்படி வெற்றியாளராகவே பதிவாகியிருக்கக்கூடும். அதோடு இந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கப் பாவனைக் குழு இல்லை, பாதி முகமும் விடப்படவில்லை. மிச்சிகனில் நடந்ததை நினைத்தால் அது சின்னக் குறை இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட பரு வழிகாட்டுதலும் லேசரைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றே நிறுத்திக்கொண்டது.

நம் நிறத்தோலுக்கு இந்த அலைநீளத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், குறைவான அலைநீளங்களை ஆவலாக உறிஞ்சும். அலைநீளம் கூடக்கூட அதன் பிடி தளரும். 595 நானோமீட்டரில் அடித்தால் ரத்தத்துக்குப் போக வேண்டிய ஒளியில் ஒரு பங்கை மாநிறத் தோலின் மேலடுக்கே பிடித்துக்கொண்டு சூடாகும், கொப்புளமும் கருமையும் வரலாம். 1726இல் மெலனின் கிட்டத்தட்ட ஒதுங்கி நிற்கிறது. சோதனையிலும் கருநிறத் தோலுள்ளவர்கள் இருந்தார்கள். அதற்காகக் கருமையே வராது என்று அர்த்தமில்லை. குளிரூட்டல் பிசகினால் எந்தத் தோலும் வெந்து கறுக்கும்.

பரு வேறு, பருத்தழும்பு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழி விழுந்த தழும்புக்கு அடிப்பது ஃப்ராக்‌ஷனல் லேசர்; தண்ணீரைக் குறிவைத்து, தோலில் நுண்ணிய துளித்துளிக் காயங்களை உண்டாக்கி, இடையில் நல்ல தோலை மிச்சம் வைக்கும். அதிலிருந்து, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாக மாதங்கள் பிடிக்கும். சில நாள் முகம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக, பழுப்பாக இருக்கும். நம் தோலில் அப்புறமும் கருமை தங்கும் அபாயம் இங்கேதான் அதிகம் என்பதால், தெரிந்த மருத்துவர்கள் அடர்த்தியைக் குறைத்து, தடவைகளைக் கூட்டுவார்கள். பரு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் முகத்தில் தழும்புக்கு லேசர் அடிப்பதில் பயனில்லை, புதுக் குழிகள் விழுந்துகொண்டே இருக்கும்.

சுரப்பி லேசர் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் என் கணிப்பு இதுதான்: கடுமையான பரு இருந்தும் ஐசோட்ரெட்டினாயின் எடுக்க முடியாதவர்கள். அந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு அது கூடாது. ரத்தக் கொழுப்பு ஏறி நிறுத்த வேண்டிவந்தவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு அடாபலின், பென்சாயில் பெராக்ஸைடு களிம்புகளும் மாத்திரையும் பல மடங்கு மலிவு, ஆதாரமும் பல மடங்கு அதிகம். சிவப்பழகுக்கென்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிப் பரு வந்தவர்கள் எந்த லேசரிடமும் போவதற்கு முன், மருத்துவரின் மேற்பார்வையில் அந்தக் களிம்பை விட வேண்டும். அது நிற்காதவரை சுரப்பியைச் சுட்டுப் பிரயோஜனமில்லை.