தார்ப்பாய், ஆனிங், நிழல்பாய்: எது சரி?

கிருஷ்ணகிரி பைபாஸ்ல லாரிக்கு தார்ப்பாய் தைக்கிற கடை எங்களது, மாங்கா சீசன் வந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நேரம் பாத்து பாண்டிச்சேரில சின்னதா பாய்மரப் படகு வச்சிருக்கற மச்சான் போன் பண்றான், "படகுக்கு ஒரு ஆனிங் தச்சுக் குடு மச்சான், வெயில்ல உக்கார முடியல"ன்னு. கடை வாசல்ல வெயிலுக்குப் போடற துணிக்கூரைதானே ஆனிங், படகுல என்னத்துக்குன்னு கேட்டுட்டேன்.

தேடிப் பாத்தா அந்தச் சொல்லே கப்பக்காரங்களோடதுதான். 1600கள்ல கேப்டன் ஜான் ஸ்மித்ங்கற இங்கிலீஷ் கடலோடி எழுதினதுலதான் மொதல்ல கிடைக்குது. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல போய் எறங்கினப்ப வெயிலுக்கு மூணு நாலு மரத்துல ஆனிங் கட்டினோம், அது ஒரு பழைய பாய்தான்னு 1631ல அவரே எழுதியிருக்காரு. பாய்னா கப்பல் பாய்!

இப்ப நம்ம தார்ப்பாய்க்கு வாங்க. இங்கிலீஷ்ல தார்பாலின், தார் பூசின போர்வைத்துணின்னு அர்த்தம், தண்ணி எறங்காம இருக்க மாலுமிங்க கித்தான்ல தார் பூசுவாங்க. ஒகேனக்கல்ல பரிசல் அடியில தார் பூசறாங்கல்ல, அதே வேலைதான். பாலின்ங்கறது நம்ம வாயில பாய்னு ஆயிடுச்சு போல, ஆனா நமக்கு பாய்னா படுக்கற பாயும் உண்டு கப்பல் பாயும் உண்டு. புறநானூறு 30ல புகார்ல நுழையற கப்பலோட "மீப்பாய்", அதாவது மேல்பாய், வருதே. காதுல தப்பா விழுந்தது கரெக்டா போய் உக்காந்துடுச்சு.

சரி, ஆனிங்குக்குத் தமிழ்? பந்தல்னா கால் நடணும், மேற்கட்டின்னா சாமி தலைக்கு மேல கட்டற துணி ஞாபகம் வருது, விதானம் வடமொழி. என்னக் கேட்டா நிழல்பாய்தான் பொருத்தம், பழைய பாய்ல பொறந்த சாமானுக்கு வேற என்ன பேரு.

தைக்கிறதுல பெருசா ஒண்ணுமில்ல. பாய்மரத்துலருந்து பின்னாடி படுக்கையா நீட்டிட்டு இருக்கும் பாருங்க பூம், அது மேல துணிய கூரை மாதிரி போட்டு ரெண்டு பக்கமும் ஓரக்கம்பில கயிறு கட்டணும், துணி தொங்காம இருக்க குறுக்க ரெண்டு பிவிசி பைப் சொருகணும், அதுக்கு ஓரத்த மடிச்சு தச்சு பை மாதிரி விட்டுட்டேன். மொதல்ல லாரி தார்ப்பாய்லயே தச்சு அனுப்பினேன், நங்கூரம் போட்டு நின்ன படகு காத்துக்கு அங்கயும் இங்கயும் திரும்ப ஆரம்பிச்சிடுச்சாம், அதுவே இன்னொரு பாய் ஆயிடுச்சு போல. ரெண்டாவது தடவ ஓசூர் பக்கம் நாத்து பண்ணைல போடற ஷேடு நெட்ட வாங்கி, கிழியாம இருக்க சுத்தி நாடா வச்சு, கயிறு கோக்க ஒரு முழத்துக்கு ஒரு பித்தளக் கண்ணு அடிச்சேன். காத்து உள்ள பூந்து போயிடுது, நிழலும் நிக்குது. மழைக்கு ஆகாது, படகு ஓடறப்பவும் பலமா காத்தடிக்கிறப்பவும் கழட்டிடணும், அது வேற.

பில்லுல "நிழல்பாய் 1"னு எழுதினேன். அப்பா கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, "இது என்னடா புதுசா, ஜிஎஸ்டி கணக்குல இதுக்கு எங்க போய் நம்பர் தேடறது, தார்ப்பாய்னே எழுது"ன்னுட்டாரு.